ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம்

ஒரு நாளைக்கு இரண்டு அங்குலம்.
நீல ஓட்டின் மேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போவேன்.
காலையில் கோடு போட்ட இடத்திலேயே இருக்கும்,
தண்ணீர் இறங்கியிருக்கும்.

பகாவில் தோட்ட மன்றத்துக் குளம்.
மூன்று பக்கமும் செம்பனை,
நாலாவது பக்கம் லோரி நிற்கிற இடம்.
சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள்
மிதவைப் பலகையைக் கட்டிக்கொண்டு கத்துவார்கள்.

தண்ணீர் பில் அறுநூற்று நாற்பது வெள்ளி வந்த மாதம்
செயற்குழு கூடியது.
வெயில் குடிக்கிறது என்றார் ஒருவர்.
பிள்ளைகள் குடிக்கிறார்கள் என்றார் பொருளாளர்,
தானே சிரித்தார்.
ராத்திரியில் ஜாகா மோட்டார் கழுவுகிறான்
என்றது ஒரு குரல்.
யாருடைய குரலென்று கூட்டக் குறிப்பில் இல்லை.
குறிப்பு எழுதியவள் நான்.

ஜாகா என்றால் டேக் பகதூர்.
சம்பளத்தில் அறுபது வெள்ளி பிடித்தம்.
அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்,
அவருக்குப் பேச வரும், வாசிக்க வராத மலாயில்.

பிறகும் இரண்டு அங்குலம்.

சிரம்பானிலிருந்து யுகேந்திரன் வந்தார்,
பின்னால் ஆக்சிஜன் தோம்பு உருளும் ஹைலக்ஸில்.
எண்ணூற்று ஐம்பது.
"பார்க்கிறதுக்கே எண்ணூறா?"
"எல்லாரும்தான் பார்க்கிறீங்க. நான் கண்டுபிடிக்க வந்தேன்."

முதலில் ஒரு சிவப்பு வாளி.
படியில் வைத்து, கல் போட்டு, நீர் ஊற்றி,
உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம்.
"வெயில் குடிச்சா ரெண்டையும் ஒண்ணாத்தான் குடிக்கும்."
மறுநாள் வாளியில் கால் அங்குலம் குறைந்திருந்தது,
குளத்தில் இரண்டு.
"வெயிலோட பங்கு இவ்வளவுதான். மிச்சத்துக்கு
வேற ஆள் இருக்கு."
ஆள் என்ற சொல் தெரிந்த டேக் பகதூர்
கேட்டருகே திரும்பிப் பார்த்தார்.

குழாய்களை அடைத்துக் காற்றேற்றினார்.
முள் அசையவில்லை.
குழாய் மேல் குற்றமில்லை.

அப்புறம் பம்பை நிறுத்தச் சொன்னார்,
எங்களையும்.
செயற்குழு வாயை மூடிக்கொண்டு நின்றதை
நான் பார்த்தது அன்றுதான்.
ஊசியில் கருஞ்சிவப்பு மை.
மூலை, ஓட்டிடுக்கு, வடிகால் வாய்,
போகிற இடமெல்லாம் சொட்டு விட்டுக் காத்திருந்தார்.
மை அந்தந்த இடத்தில் புகையாய்த் தொங்கிக் கலைந்தது.

ஆழப் பக்கத்து விளக்கு,
ஆறு வருடமாய் எரியாத விளக்கு,
அதன் விளிம்பில் மட்டும் மை தொங்கவில்லை.
நூலாய் நீண்டது,
வழி தெரிந்ததுபோல் உள்ளே போனது.

வயர் போகிற துளை. விரலளவு.
இரண்டு உருண்டைப் பசை பிசைந்து
நீருக்கடியிலேயே அடைத்தார், இருபது நிமிடம்.
அதற்கு நூற்றெண்பது.
"இருபது நிமிஷத்துக்கா?" என்றார் பொருளாளர்.
யுகேந்திரன் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன்.
இரண்டு அங்குலமென்றால் எட்டாயிரம் லிட்டர்.
ஒரு மோட்டார் கழுவ நாற்பது போதும்.
அப்படியானால் டேக் பகதூர்
ஒவ்வொரு ராத்திரியும் இருநூறு மோட்டார் கழுவியிருக்கிறார்,
கைவிளக்கு வெளிச்சத்தில்,
தனியாக.
அவரிடம் இருப்பது ஒரு சைக்கிள்.
கூட்டத்தில் இதை யாரும் கேட்கவில்லை.
நானும் கூட்டத்தில்தான் இருந்தேன்.

பிடித்தத்தை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள்.
சில்லறைச் செலவுப் பெட்டியைத் திறந்து
அறுபது வெள்ளியை உறையில் போட்டு
"கசிவு, பழையது" என்று ரசீது எழுதிக்கொண்டு
கேட்டுக்கு நடந்தேன்.

மாஃப் என்றேன். அதற்கு மேல்
எந்த மொழியிலும் எனக்கு வரவில்லை.
எண்ணிப் பார்த்தார். மடித்து வைத்தார்.
படியில் விட்டுப்போன சிவப்பு வாளியைக் காட்டி,
அது வேண்டாமென்றால் தனக்கு வேண்டும் என்றார்.

எதற்கு?

"மோட்டார் கழுவ."

அந்த முகத்தில்
ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.